மானின் கண்ணாடிக் கண்

மதிய வெயில் துப்பாக்கிக் கடையின் அழுக்கு ஜன்னல் வழியே வந்து, சுவரில் மாட்டிய பாடம்செய்த மான் தலையின் கண்ணாடிக் கண்ணில் மின்னுகிறது. கடைக்காரர் டுவெய்ன் ஒவ்வொரு ரைஃபிளாகத் திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று காட்டிய பிறகே வெர்னாவிடம் நீட்டுகிறார். அவள் வாங்கப்போகும் முதல் ரைஃபிள். விலை கைக்கு அடங்க வேண்டும். யோசனை சொல்லப் பக்கத்து வீட்டு ஒபால் வந்திருக்கிறாள்; ஞாயிறுதோறும் வெர்னாவின் வாசலில் ஹாரன் அடித்து, தன் காரில் கிளப்புக்கு அழைத்துப்போகிறவள். போன ஞாயிறு கிளப்பின் துப்பாக்கி சுடும் போட்டியில், ஒபாலிடமே இரவல் வாங்கிய ரைஃபிளால் ஒபாலையே வெர்னா தோற்கடித்தாள். ஊரே சிரித்தது, ஒபால் சிரித்ததாகத் தகவல் இல்லை. "இதை எடுத்துக்கோடி, பூ மாதிரி இருக்கு," என்று மெல்லிய குழல் உள்ள ஒன்றைக் காட்டுகிறாள் ஒபால். அதே விலையில் இருக்கும் தடித்த குழல்காரனை ஓரமாகத் தள்ளுகிறாள். "அது இரும்புத் தூணு. உன்னால தூக்கவே முடியாது." "நீ சொன்னா சரிதான்டி," என்று வெர்னா மெல்லியதைத் தோளில் வைத்து, இந்தக் கடையில் எல்லோரும் செய்வதுபோல, மானின் கண்ணைக் குறிபார்க்கிறாள். குழல் மூச்சுக்கு மூச்சு கண்ணிலிருந்து காதுக்கும் காதிலிருந்து கொம்புக்கும் அலைகிறது. டுவெய்ன் யாரையும் பார்க்காமல் மேசையைத் துடைக்கிறார். "இந்த மெல்லிசு காட்டுல தூக்கிட்டு நடக்கறவங்களுக்கும்மா. போட்டியில நின்னு குறி வைக்கக் கனம் வேணும், அப்பத்தான் ஆடாது. ஒபாலம்மா வச்சிருக்கறதெல்லாம் கனம்தானே?" ஒபால் ஒரு காதுமூடியை எடுத்து, அதன் விலைச்சீட்டை வெகு அக்கறையாகப் படிக்கிறாள். வெர்னா தடித்ததைத் தோளில் ஏற்றுகிறாள். குழல் மானின் கண்ணில் போய் உட்கார்ந்து அசையாமல் நிற்கிறது. அங்கிருந்து பார்வையை எடுக்காமலே சொல்கிறாள்: "ஞாயித்துக்கிழமை என் வாசல்ல ஹாரன் அடிக்காதே, ஒபால். இதைத் தூக்கிக்கிட்டு நான் கிளப்புக்கு நடந்தே வந்துக்கறேன்."