நாலாவது ஆள்

"பெரியவரே, இன்னும் எத்தனை தடவைதான் உட்காருவீங்க?" கானர் எரிச்சலை மறைக்கவில்லை.

ஹார்வி பாதையோரப் பாறையில் உட்கார்ந்து வலது முட்டியை நீவிக்கொண்டிருந்தார். "முட்டியைக் கேளு தம்பி. எனக்கு அவசரம்தான், அதுக்குத்தான் இல்லை."

மார்லீன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றே கால். மேலே ஏரிக்கரைத் தேநீர்க் கடையை நாலு மணிக்குச் சாத்திவிடுவார்கள். இன்றைக்குச் சாத்தினால் பனிக்காலம் முடிகிறவரை திறக்க மாட்டார்கள். அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் சாத்தின கையோடு ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவன் அவள் மகன் வெஸ்லி.

இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றவனை, "இனிமே இந்த வாசலை மிதிக்காதே" என்று சொன்னது இதே வாய்தான். பாவி மகன், மிதிக்கவே இல்லை. போன் நம்பரையும் மாற்றிவிட்டான். அவன் இங்கே இருக்கிறான் என்பதே, முந்தாநாள் மலையேறிவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும்.

அலறி அடித்துக்கொண்டு அடிவாரத்துக்கு வந்தால், பாதை வாசலில் பலகை. கரடி நடமாட்டம். நாலு பேருக்குக் குறைந்து யாரும் ஏறக்கூடாது, பிரியாமல் ஒட்டியே நடக்க வேண்டும், மீறினால் அபராதம்.

அவள் ஒருத்தி. கானரும் ஷெல்பியும் புதுசாகக் கல்யாணமான ஜோடி. மொத்தம் மூன்று. மதியத்துக்கு மேல் இறங்கி வருகிறவர்கள்தான் இருந்தார்களே தவிர, ஏறுகிறவர் ஒருவருமில்லை.

பெஞ்சில் காபி குடித்துக்கொண்டிருந்த ஹார்வியிடம் போய்க் கெஞ்சியது மார்லீன்தான்.

"மரமெல்லாம் மஞ்சளா ஆனதைக் கீழே இருந்தே பார்த்துட்டுப் போக வந்தவன்மா நான். என் முட்டி ஏறாது."

"மெதுவாப் போகலாம். நான் உங்க கூடவே வர்றேன். எம் பிள்ளையைப் பார்க்கணும்."

அதற்குமேல் அந்த மனிதர் ஒரு கேள்வி கேட்கவில்லை. மிச்சக் காபியைக் கொட்டிவிட்டு எழுந்துவிட்டார்.

இப்போது அவரைப் பார்க்கவே மார்லீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புதருக்குள் ஏதோ சரசரத்தது. கானரின் கை இடுப்பிலிருந்த, கரடியை விரட்டும் மிளகாய் ஸ்பிரேயைத் தேடியது. அந்தக் கூட்டத்துக்கு இருந்தது அது ஒன்றுதான்.

அணில்.

ஷெல்பி அழுதேவிட்டாள். "இங்க ஒரு நிமிஷம்கூட நிக்க முடியாது கானர். போயிடலாம்."

மூன்று இருபது.

"ஹார்வி," மார்லீன் அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள், "நீங்க மெல்ல வாங்க. நாங்க முன்னாடி போறோம்."

விளையாடுகிறாள் என்று நினைத்து ஹார்வி சிரித்தார். கூட யாரும் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார்.

"கூடவே வர்றேன்னு சொன்னீங்களேம்மா?"

"இன்னைக்கு விட்டா எனக்கு அவன் கிடைக்கமாட்டான். உங்களுக்கும் ஒரு பிள்ளை இருந்தா புரியும்."

அவர் பார்வை கானரின் இடுப்புக்குப் போனது.

"சரி. அந்த ஸ்பிரேயையாவது குடுத்துட்டுப் போங்க."

கானர் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "நாங்க மூணு பேர் இருக்கோமே சார்."

"கணக்கு சரிதான்" என்றார் ஹார்வி. "போயிட்டு வாங்க."

"சத்தமாப் பாடிக்கிட்டே இருங்க, கரடி கிட்ட வராது" என்றாள் மார்லீன். சொன்ன மாத்திரத்தில் அவளுக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் நடந்தாள்.

இரண்டு வளைவு தாண்டும்வரை அவர் பாடுவது கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. தூரமாகிவிட்டதால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மூன்று நாற்பதுக்கு ஏரி வந்துவிட்டது. ஜோடி நேரே கடைக்குள் நுழைந்தது. மார்லீன் மட்டும் வெளியே நின்றுவிட்டாள். கரையில் குனிந்து, விரல் விறைக்கும் தண்ணீரில் முகம் கழுவினாள். தலையை வாரினாள். "தப்பு என்னோடதுதான்டா, வீட்டுக்கு வா." இதையே நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தாள். எந்த விதமும் சரியாக வரவில்லை. வந்தபடி வரட்டும் என்று எழுந்து உள்ளே போனாள்.

கானரும் ஷெல்பியும் மூலை மேசையில் தலை நிமிராமல் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கல்லாவில் ஒரு பெண் கோப்பைகளைத் துடைத்து அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வெஸ்லி இருக்கானாம்மா?"

"இப்பதாங்க ஓடினான், பின்பக்கக் குதிரைப் பாதை வழியா. அது குறுக்கால இறங்கி நீங்க வந்த பாதையில போய்ச் சேரும். முட்டிவலிக்காரர் ஒருத்தரைக் கூட வந்தவங்களே பாதி வழியில விட்டுட்டாங்களாம். அதோ, மூலையில இருக்கிற அந்த ரெண்டு பேரும்தான் வந்து சொன்னாங்க. கேட்டதுதான் தாமதம், ஒரு சட்டியையும் கரண்டியையும் எடுத்துத் தட்டிக்கிட்டே கிளம்பிட்டான்."

"தனியாவா?" என்றாள் மார்லீன்.

"தனியாத்தான். நாலு பேர் சேரட்டும், நில்லுடான்னு கத்தினேன். கேட்டாத்தானே? 'சின்ன வயசுலேர்ந்து எங்கம்மாகூட மலையேறியிருக்கேன், ஒருத்தரைக்கூட அவங்க பின்னால விட்டுட்டு வந்ததில்லை'ன்னுட்டு ஓடிட்டான்." அந்தப் பெண் துடைத்த கோப்பையைப் பெட்டியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "ஆமா, நீங்க அவனுக்கு என்ன வேணும்?"