சொந்த வசனம்

“என்னம்மா மகளே, பச்சைப் புடவை கட்டிக்கிட்டு, கையில பெட்டியோட, இடது பக்கக் கதவு வழியா வந்து நிக்கறியே!”

தையல்காரர் மேடையில் நின்று அடித்தொண்டையில் முழங்கியதும் அரங்கமே குலுங்கிச் சிரித்தது. அச்சு அசல் பட்டாளத்தாரின் குரல்.

முன்வரிசையில் இருந்த பட்டாளத்தாரின் மருமகளுக்குக் காது மடல் சுட்டது. மாமனார் கண்ணை மூடி இன்னும் பதினைந்து நாள் ஆகவில்லை. நினைவுக் கூட்டம் என்றுதான் அழைத்தார்கள். கேலிக்கூத்து என்று முன்னமே சொல்லியிருந்தால் வீட்டில் துணியாவது மடித்திருப்பாள்.

“நான் எழுதிக் குடுத்தது ‘வாம்மா’ன்னு ஒரே ஒரு வார்த்தை. இவரு அதுக்குள்ள ஜவுளிக்கடையே திறந்துடுவாரு.” பட்டாளத்தார் நடித்த நாடகக் குழுவை இயக்குவதும் தையல்காரர்தான். “ஏன் சார், அதான் எல்லாரும் பாக்கறாங்களே, நீங்க வேற சொல்லணுமான்னு கேட்டா, ‘சொன்னா குறைஞ்சா போயிடும்’பாரு. சரி, வாயை மூடட்டும்னு ஒரு தடவை பிணமா நடிக்க விட்டேன். பிணம் ஒத்தைக் கண்ணைத் திறந்து, ‘டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழட்டிட்டாரு, அப்ப நான் போய்ச் சேர்ந்துட்டேன்’னுச்சு.”

மறுபடி சிரிப்பு.

அவளால் யாரைக் குறை சொல்ல முடியும்? அந்தக் கூத்தைப் பார்க்கச் சகிக்காமல் பத்து வருஷத்துக்கு முன்பே நாடகம் பார்க்கப் போவதற்கே முழுக்குப் போட்டவள் அவள்.

“இருபத்தெட்டு வருஷம் பட்டாளத்துல இருந்தவருக்கு இந்த அவமானம் தேவையா மாமா?” என்று ஒருமுறை கேட்டும் விட்டாள்.

“உளறினதுக்காக ரிட்டையரானவனை யாரும் சிறையில போட மாட்டாங்கம்மா” என்றார் அவர்.

அடுத்து அவள் பேச வேண்டும். தாளில் எழுதி வந்திருந்தாள். எல்லைக் காவல், மூன்று பதக்கம், ஒரு நாள் கூடத் தவறாத ஒழுங்கு. நாடகம் என்ற சொல்லே இல்லை. இத்தனை சிரிப்புக்கு அப்புறம் பதக்கத்தை யார் காதில் வாங்குவார்கள்? மாமனாரின் மானத்தை எப்படி மீட்டுக்கொண்டு போவது?

பக்கத்து நாற்காலியில் விறைப்பாக ஒரு பெரியவர். மடியில் மடக்குக் குடை போல ஏதோ. ஒவ்வொரு கேலிக்கும் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் அவர்தான். அந்த எரிச்சல் வேறு.

அவர் அவள் பக்கம் சாய்ந்தார். “எந்தப் படம்மா வெச்சிருக்காங்க?”

“எதிர்லதானே இருக்கு. பாத்தாத் தெரியாதா?” வெடுக்கென்று வந்தது பதில்.

பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. மடியில் இருந்ததை ஒரு மடிப்பு மட்டும் பிரித்துக் காட்டினார். குடை இல்லை. வெள்ளைக் கோல்.

“எனக்குப் பாத்துச் சொல்றதுக்குன்னு ஒருத்தன் இருந்தாம்மா. அவனுக்குத்தான் இன்னிக்குக் கூட்டம்.”

அவள் அவர் பக்கம் முழுதாகத் திரும்பினாள்.

“ரெண்டு பேரும் ஒரே படை. கண்ணிவெடில எனக்குப் பார்வை போச்சு. அவனுக்கு நாடகம்னா உசிரு. ‘நீயும் பாக்கணும்டா’ன்னு கூட்டம் சேர்றதுக்கு முன்னாடியே கூட்டிட்டு வந்து உக்கார வெச்சிடுவான். எல்லாரும் போனப்புறம்தான் கிளம்புவோம். யார்கிட்டயும் சொல்லாதே, பாவம்னு பாப்பாங்கன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். சிரிப்பு பூரா அவன் தலையில விழுந்துச்சு. ஆனா ஒரு நாடகம் விடாம நான் பாத்துட்டேம்மா.”

“அடுத்ததாகப் பட்டாளத்தாரின் மருமகள்…” என்று மைக் அழைத்தது.

அவள் எழுந்தாள். நாலு எட்டு வைத்தவள், கையிலிருந்த தாளை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு மேடையேறினாள்.

தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“மேடையில ஒரு மேசை. நீல விரிப்பு. அதுமேல மாமாவோட படம். நான் குடுத்தனுப்பின சீருடைப் படத்தை வெக்கலை. ராஜா வேஷப் படம். ஒட்டு மீசை இடது பக்கம் பிஞ்சு தொங்குது. அது தெரியாம சிரிச்சுக்கிட்டிருக்காரு.”

அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது.

“போச்சுடா, மருமகளுக்கும் தொத்திக்கிச்சு” என்றார் தையல்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“புகுந்த வீட்டு வியாதிங்க” என்றாள் அவள். முன்வரிசையில் அந்தப் பெரியவர் மட்டும் மேடைப் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தார்.

“நான் கட்டியிருக்கறது சாம்பல் நிறப் புடவை. கையில தாள் எதுவும் இல்லை.”