முப்பத்து நாலாவது வாரம்

“அந்த டாக்டருக்கு மறுபடியும் கேள்வி அனுப்பியிருக்கீங்களா?” என்று கேட்டபடியே வந்து நின்றார் டீம் லீடர்.

“ஆமா சார். ‘தொற்று’ன்னு மொட்டையா எழுதியிருக்கார். எந்த இடத்துல, எத்தனாவது வாரம், ஒண்ணும் இல்ல. நான் எந்தக் கோடு நம்பரைப் போடறது?”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டு எண்ணைப் போடுகிற அலுவலகம் அது. நோயாளியின் பெயர் வராது. பிறந்த தேதி, ஊர், ஆஸ்பத்திரி, டாக்டர் எழுதியது, அவ்வளவுதான். ஒரு கமா விடாமல் படிப்பதால் அலுவலகத்தில் அவளுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். அது அவள் காதுக்கும் எட்டியதுதான். கண்டுகொள்வதில்லை.

“பொதுவா ஒரு கோடு இருக்கே. அதைப் போட்டு அனுப்பிட வேண்டியதுதானே?”

“கர்ப்பப்பை வாயில தொற்றுன்னா ஒரு கோடு சார், சிறுநீர்ப் பையிலன்னா வேற. கடைசி மூணு மாசம்னா அதுவும் மாறும். கர்ப்பப்பை வாய்னா பிரசவத்துல குழந்தை அது வழியாத்தான் வரணும். கண்ணைப் பாதிச்சாலும் பாதிக்கும்.”

“அது டாக்டரோட கவலைம்மா. நமக்குக் கணக்கு, ஒரு நாளைக்கு எத்தனை ஃபைல் முடிச்சோம்கறதுதான்” என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார்.

பக்கத்து இருக்கைப் பெண் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். “அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? இந்த ஒரு ஃபைலை மட்டும் ஏன் யாருக்கும் விடமாட்டேங்கறீங்க? போன வாரம் எனக்கு வந்ததைக்கூட மாத்தி வாங்கிட்டீங்க.”

“ஆரம்பத்துலேருந்து பாக்கறேன்ல. பாதியில விட மனசு வரல.”

எட்டாவது வாரத்தில் முதல் தடவையாக அந்த ஃபைல் வந்தது. அன்றைக்கு அவள் பிறந்த தேதியையும் ஊரையும் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டாள். அப்புறம் மாதம் ஒருமுறை எப்போது வரும் என்று காத்திருப்பாள். ஸ்கேன் படம் வந்தால் குறியீடு போட்டு முடித்த பிறகும் மூட மாட்டாள். ஒருமுறை குழந்தை கட்டைவிரலை வாய்க்குள் வைத்திருந்தது. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, கடைசியில் வெறும் சாம்பல் நிறப் புள்ளிகளாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

தனியாக இருக்கிறவள், குழந்தை குட்டி இல்லை போலிருக்கிறது, அந்த ஏக்கம்தான் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

“அது சரி, மூணாவதா ஒரு கேள்வி சேர்த்திருக்கீங்களே” என்று அந்தப் பெண் திரையை எட்டிப் பார்த்தாள். “‘ஊசி மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாதா என்று நோயாளியிடம் மறுபடி விசாரிக்கவும். அவசரம்.’ இது நம்ம வேலையா அக்கா?”

“அந்தக் கட்டம் காலியா இருக்கு. வார்டுல சேர்த்தாச்சு, நாளைக்குக் காலையில ஊசி ஆரம்பிக்கறாங்க. கேட்டு வைக்கறதுல என்ன நஷ்டம்?”

அன்று வீட்டுக்குக் கிளம்புவதற்குள் பத்துத் தடவையாவது பதில் வந்ததா என்று பார்த்திருப்பாள். வரவில்லை.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது மணிக்குப் பதில் வந்தது. பக்கத்து இருக்கைப் பெண்தான் அதை வாசித்தாள்.

“‘கர்ப்பப்பை வாய்த் தொற்று. முப்பத்து நாலாவது வாரம். நோயாளிக்கு நினைவில்லை, தந்தைக்குப் போன் செய்து கேட்டார். மூன்று வயதில் இதே வகை ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறியதாம். மருந்தை மாற்றிவிட்டோம். நன்றி.’ அக்கா, நீங்க கேக்காம விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?”

அவள் தன் திரைக்குத் திரும்பினாள். குறியீட்டைப் போட்டாள், சரிபார்த்தாள், எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அடுத்த ஐந்து வாரம் ஒவ்வொரு காலையும் அந்த ஃபைலின் எண்ணைத் தேடுவதிலேயே தொடங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை அந்த ஃபைல் பக்கத்து இருக்கைக்கு வந்தது.

“அக்கா, பிறந்தாச்சு. பொண்ணு. ரெண்டே முக்கால் கிலோ. தொற்று போயிடுச்சாம், குழந்தையோட கண்ணு ரெண்டும் நல்லா இருக்காம்.”

“தாய்?”

“நல்லா இருக்காங்க. நாளைக்கு வீட்டுக்கு அனுப்பறாங்க.” அந்தப் பெண் கீழே நகர்த்திப் படித்தாள். “நர்ஸ் ஏதோ எழுதியிருக்காங்க. ‘கணவர் வெளியூரில் வேலை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. தாய் உயிருடன் இல்லை என்று நோயாளி கூறுகிறார்.’ பாவம்ல அக்கா, இந்த நேரத்துல அம்மா இல்லாம.”

அவள் எழுந்து வந்து, அந்தப் பெண்ணின் தோளுக்கு மேலாகக் குனிந்து அந்த வரியைப் படித்தாள். இன்னொரு முறையும் படித்தாள்.

“என்ன அக்கா, இதுக்கும் டாக்டருக்குக் கேள்வி அனுப்பணுமா?”

“வேண்டாம். அவ சொன்னதைத்தானே எழுதியிருக்காங்க. இந்த ஃபைலை நீயே முடிச்சிடு.”

தன் இருக்கைக்குத் திரும்பி, நாலு வருஷத்தில் முதல் தடவையாக விடுப்பு விண்ணப்பத்தைத் திறந்தாள். பதினைந்து நாள் என்று போட்டாள். காரணம் கேட்ட இடத்தில் ‘சொந்த வேலை’ என்று தட்டி, அதை அழித்தாள்.

பிறகு தட்டினாள்: ‘மகளுக்குப் பிரசவம். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.’