எட்டாவது பேனா

ஏழாவது பேனாவும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

"பாக்க நல்லாத்தான் இருக்கு. மூடியப் பின்னாடி செருகினா தலை கனக்குது," என்றான். எழுதிப் பார்க்கும் நோட்டில் ஏழு பேனாவாலும் சுழித்துச் சுழித்துக் கோடு இழுத்திருந்தானே தவிர, ஓர் எழுத்துகூட எழுதவில்லை.

அவள் அலுத்துக்கொள்ளவில்லை. பெண் பார்க்கப் போகிறவர்களைவிடப் பேனா பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம் குறை சொல்வார்கள் என்பான் அவள் கணவன் டேவிட்சன். தரங்கம்பாடியில் இந்தப் பேனாக் கடையை நடத்தியவன் அவன். சவுதிக்குப் போய் நான்கு வருடமாகிறது.

"எந்த ஊருங்க?"

"வலங்கைமான் பக்கம். பேரு இனியவன். தமாம்லேருந்து லீவுல வந்தேன். வியாழக்கிழமை திரும்பப் போறேன்."

கண்ணாடிப் பெட்டியின் மேல் அவள் கை நின்றது. "எங்க வீட்டுக்காரரும் சவுதிதாங்க."

"பெரிய நாடுங்க அது," என்றான் சட்டென்று.

டேவிட்சன் கம்பெனியை விட்டு வெளியேறி வேறெங்கோ வேலை பார்க்கிறானாம். பேப்பர் சரியாகும்வரை ஊருக்கு வர முடியாது. இருக்கிற இடத்தில் போனும் இல்லை. மாதம் ஒரு கடிதம் வரும். இந்தக் கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவேன் என்று அதில் ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஒவ்வொரு மாதத்தையும் தாண்டினாள். போன டிசம்பரில் அவனுக்கு வாங்கிய சட்டை இன்னும் உறை பிரிக்காமல் பீரோவில் இருந்தது.

இரண்டு வருடம் முன்பு ஒரு கடிதத்தில், 'பழைய பேனா உடைந்துவிட்டது. புதுப் பேனாவில் கையெழுத்து மாறித் தெரியும், தப்பாக நினைக்காதே' என்று இருந்தது. அதற்குப் பிறகு எந்தக் கடிதத்தைப் படிக்கும்போதும் அவளுக்கு டேவிட்சனின் குரல் கேட்கவில்லை. யாரோ கதவுக்கு வெளியே நின்று படிப்பதுபோல் இருந்தது.

"லெட்டர் எழுதவா பேனா?"

"ஆமாங்க. நிப்பு மாறினா கையெழுத்தே மாறிடுதுல்ல. அதான் பாத்து வாங்குறேன்."

"கோடு தடிக்கும், மெலியும். அவ்வளவுதாங்க மாறும். ள-வுக்கு வால் இழுக்குற கை எந்தப் பேனாலயும் இழுக்கத்தான் செய்யும்."

அவன் ஏழாவது பேனாவைத் தள்ளி வைத்தான். அவள் எட்டாவது பேனாவை எடுத்து வைத்தாள். கறுப்பு உடல், தங்க நிறக் கிளிப். விரல்களுக்குள் வைத்து உருட்டிப் பார்த்தான். "இது கைக்கு ஒட்டுது."

"சுழிச்சுப் பாத்தா தெரியாதுங்க. வழக்கமா என்ன எழுதுவீங்களோ, அத ரெண்டு வரி எழுதுங்க. யோசிக்கக் கூடாது. கை தானா ஓடணும்."

நிப்பு தாளில் பட்ட சத்தமே இல்லை. மை தடைபடாமல் இறங்கியது. அவன் முகம் முதல்முறையாக இளகியது; கை தன் போக்கில் ஓடியது. இரண்டாவது வரியின் நடுவில் திடுக்கென்று நின்றது.

கடற்காற்றில் தாள் எழும்பியது. அவள் அதை விரலால் அழுத்திப் பிடித்து, எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகவே படித்தாள்.

'அன்புள்ள ரோஸ்லினுக்கு, நான் இங்கு நலம். இந்தக் கிறிஸ்துமஸுக்கு'

இரண்டு வருடமாக வரும் கடிதங்களில்போலவே ள-வின் வால் அடுத்த வரிவரை இறங்கியிருந்தது. அவள் தன் பெயரை அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

"அக்கா, நான் சொல்லத்தான்..." என்று இழுத்தான் இனியவன்.

ரோஸ்லின் பேனாவை அவன் விரல்களிலிருந்து எடுத்து மூடினாள். மரை முழுதும் ஏறும்வரை மெதுவாகத் திருகினாள்.

"பேனா உடைஞ்சுதுன்னு எழுதுறதுக்கு எத்தனை நாள் முந்தி அவரு தவறுனாரு, தம்பி?"