இன்று வந்தவர்கள்

1989இல் பாலக்கோட்டில் டைப்ரைட்டிங் பள்ளி நடத்திவந்த இசபெல்லா, பெண்களுக்குச் சொல்லித்தருவதற்காகப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினாள். பெட்டியைப் பிரித்த அன்றே அதில் அவள் கேட்காத ஒரு புரோகிராம் இருந்தது. மிஷினைப் போட்டதும் ஆங்கிலத்தில் ஒரே வரி வரும்: இன்று வந்தவர்கள் 10.

அவளிடம் படித்தவர்கள் ஒன்பது பேர்தான்.

அதை அழித்தாள். மறுநாள் காலையில் திரும்பவும் வந்து நின்றது. மூன்று முறை அழித்துப் பார்த்துவிட்டு, சேலத்திலிருந்து கம்பெனி ஆளை வரவழைத்தாள்.

"இது கம்பெனியிலயே போட்டு வர்றதுங்க மேடம். ஒரு ஓரமா இருந்துட்டுப் போவட்டும்" என்றார் அவர்.

"நான் கேட்டனா? எம் மிஷின்ல நான் கேக்காதது எதுக்குங்க இருக்கணும்? அதுவும் தப்பாச் சொல்லுது! மொத்தத்தையும் தொடச்சி எடுங்க."

அவர் எல்லாவற்றையும் அழித்து, வெறும் திரையைக் காட்டிவிட்டு பஸ் ஏறினார்.

மறுநாள் காலை வகுப்புக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்தபின் மிஷினைப் போட்டாள். அதே வரி. இசபெல்லாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"பாருங்கடி அக்கிரமத்த! ஒம்பது பேரு இருக்கறப்ப பத்துங்குது" என்று கத்தியபடி விரலை நீட்டி எண்ணினாள்.

பத்து வந்தது. பின்வரிசையிலிருந்து எண்ணினாள். அப்போதும் பத்து.

"புதுசா வந்தவ யாருடி? எந்திரி!"

யாரும் எழவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பத்துப் பேரும் "டீச்சர்" என்றார்கள். ஒரு பெயருக்குக்கூட அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.