தண்ணீர் கேட்கும் கப்பல்

மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கடையில் சுரேகாவுக்கு ரேடியோ வேலை. உரிமையாளர் கைவிட்டதால் கடலில் நங்கூரமிட்டே கிடந்த ஒரு கப்பலிலிருந்து சமையல்காரர் ஜெபராஜ் அடிக்கடி கூப்பிடுவார். "அக்கா, தண்ணி முடிஞ்சிருச்சு." கப்பல் மேல்தளத்திலிருந்து கயிறு விடுவார்கள்; படகோட்டி ஜெயந்திரன் கேன்களைக் கட்டிவிடுவான்.

போன மாதம் அந்தக் கப்பலை உடைப்பதற்கு இழுத்துப் போய்விட்டார்கள். அதிலிருந்த ஆட்களை விமான நிலைய வேனில் ஏற்றி அனுப்பியவளே சுரேகாதான். ஜெபராஜ் தூத்துக்குடி வீட்டில் மகளோடு நிற்கும் படம்கூட அனுப்பியிருந்தார்.

இன்று காலை ரேடியோவில் அவர் குரல். "அக்கா, தண்ணி முடிஞ்சிருச்சு."

சுரேகா தூத்துக்குடிக்குப் போன் போட்டாள். ஜெபராஜ் எடுத்து, "சொல்லுங்கக்கா" என்றார். அதே நேரம் ரேடியோவில் அதே குரல் மறுபடி தண்ணீர் கேட்டது.

மனசு கேட்காமல் ஜெயந்திரனை அனுப்பினாள். மதியம் அவன் காலிப் படகோடு திரும்பினான்.

"அங்க கப்பலே இல்லக்கா. கயிறு மட்டும் தொங்குச்சு. எப்பவும் போல கட்டிவிட்டேன், மேல இழுத்துக்கிட்டாங்க."

"யாரு?"

"மேல வெறும் வானம்தான் லா."

ரேடியோ கரகரத்தது.

"தண்ணி வந்துச்சு அக்கா. எங்கள எப்ப வீட்டுக்கு அனுப்புவீங்க?"