பார்த்துக்கொள்ள வந்தவள்

“ஐயோ, கக்கத்துல கை குடுத்துத் தூக்காதீங்க!”

வாசுகி அதட்டிய வேகத்தில் ராஜகுமாரி கையை இழுத்துக்கொண்டாள்.

“அடியில ஒரு கை, முதுகுக்கு ஒரு கை. அப்பத்தான் கட்டு கக்கத்த அறுக்காது.”

“சரிங்கக்கா.”

“அக்கா எல்லாம் வேண்டாம். பேரச் சொல்லியே கூப்பிடுங்க.”

ஜமுக்காளத்தில் உட்கார்ந்து அஸ்வந்த் பொம்மை லாரியை உருட்டிக்கொண்டிருந்தான். வாசுகியின் ஒரே பிள்ளை. மூன்று வயது. அவனுக்கு முதுகெலும்பு ஒரு பக்கமாக வளைந்திருந்தது. அதை நிமிர்த்தத் தோளிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். வயிற்றுக்கு நேரே மட்டும் வட்டமாக ஒரு திறப்பு. சில மாதங்களுக்கு ஒருமுறை கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் பழைய கட்டை வெட்டியெடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவார்கள்.

ராஜகுமாரி காலையிலேயே ஊட்டியிலிருந்து பஸ் பிடித்து, ஜெகதளாவில் இருந்த இந்த வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“நான் இன்னிக்கு ஒரு நாள்தான் லீவு போட்டிருக்கேன். எல்லாத்தயும் இன்னிக்கே பாத்துக்கங்க,” என்றாள் வாசுகி.

“குளிக்க வெக்கறது எப்படிங்க?”

“குளியலே கெடையாது. துணிய நனைச்சு, நல்லாப் புழிஞ்சு, கை, காலு, மூஞ்சி மட்டும் தொடைக்கோணும். கட்டுக்குள்ள தண்ணி போச்சுன்னா இந்தக் குளுருல காயவே காயாது. தோலு வெந்து புண்ணாயிரும்.”

“தலைக்குங்க?”

“சமையல் மேடையில மல்லாக்கப் படுக்க வெச்சு, தலைய மட்டும் வெளிய விட்டு அலசோணும். கழுத்தச் சுத்தி துண்டு வெச்சுக்கங்க.”

வாசுகி டார்ச்சை எடுத்துக் கட்டின் ஓரத்துக்குள் அடித்தாள்.

“காலைலயும் சாயந்தரமும் இப்படிப் பாக்கோணும். தோலு செவந்திருந்தாலும் சரி, கெட்ட வாடை வந்தாலும் சரி, உடனே எனக்குப் போன் பண்ணுங்க. அரிக்குதுன்னு அழுவான். அதுக்காகக் குச்சி, ஸ்பூன் எதையும் உள்ள விட்றாதீங்க. ஹேர் டிரையர்ல குளுந்த காத்து மட்டும் அடிங்க.”

ராஜகுமாரி குனிந்து உள்ளே பார்த்தாள். மூச்சை இழுத்து முகர்ந்தாள். முகம் சுளிக்கவில்லை.

வாசுகிக்கு அது ஏமாற்றமாக இருந்தது. இதையெல்லாம் நேரில் பார்த்தால், தன்னால் ஆகாது என்று இவளே சொல்லிவிடுவாள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

பக்கத்து வீட்டுக் கனகமணி வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள். அவள் அங்கே குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

“என்ன அம்மிணி, ஆளு போட்டுட்டியா?”

“பையனப் பாத்துக்க வந்திருக்காங்க,” என்றாள் வாசுகி, திரும்பாமலே.

“நல்லதாப் போச்சு. வேலைக்கும் போயிட்டு நீ ஒருத்தியே எத்தனதான் பாப்ப?”

மத்தியானம் வாசுகி ராஜகுமாரியையே ஊட்டச் சொன்னாள். ரசஞ்சோறு. அஸ்வந்த் ஆசையாக வாயைத் திறந்தான். அவன் திறக்கத் திறக்க அவளும் சந்தோஷமாக ஊட்டிக்கொண்டே இருந்தாள். அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வாசுகி, ‘போதும்’ என்று சொல்ல வாயெடுத்தாள். ஏனோ சொல்லவில்லை.

கட்டுக்குள் அடங்கிய சின்ன வயிறு. அவ்வளவு சோற்றுக்கு அங்கே இடமில்லை. அஸ்வந்தின் முகம் வெளிறியது. மறு நொடி வாந்தி வந்துவிட்டது.

வாசுகி ஓடி வருவதற்குள் ராஜகுமாரி இரண்டு கைகளையும் அவன் கழுத்தடியில் குவித்து ஏந்தியிருந்தாள். கை நிறைந்து வழிந்ததும், கட்டியிருந்த புதுப்புடவையின் முந்தானையை இழுத்து, மாவுக்கட்டின் விளிம்போரம் செருகினாள். வந்ததெல்லாம் அவள் மடியில்தான் விழுந்தது. கட்டுக்குள் ஒரு சொட்டுகூடப் போகவில்லை.

“ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல,” என்று அவனைத் தேற்றிக்கொண்டே அவளும் அழுதாள். “நாந்தான் கண்ணுமண்ணு தெரியாம ஊட்டிட்டேன்.”

வாசுகி ஈரத்துணியால் பிள்ளையின் வாயைத் துடைத்தாள்.

“கொஞ்சங் கொஞ்சமா, அடிக்கடி குடுக்கோணும். அத நாந்தான் சொல்லாம விட்டுட்டேன்.” பிறகு சொன்னாள்: “போயிக் கைகால் கழுவிட்டு வா. பீரோவுல என் சேல இருக்கு, எடுத்துக் கட்டிக்க.”

சாயந்தரம் பனிமூட்டம் இறங்க ஆரம்பித்தபோது கீழே ரோட்டில் ஒரு ஜீப் வந்து ஹாரன் அடித்தது. வாசுகி பனியன்களையும் டார்ச்சையும் ஒரு பையில் வைத்துக் கொடுத்தாள். ராஜகுமாரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பிள்ளையைத் தூக்கினாள்.

“போயிட்டு வர்றேனுங்கக்கா.”

“ம். படி வழுக்கும், பாத்துப் போ.”

வாசுகி வாசலோடு நின்றுவிட்டாள். சத்தம் கேட்டு வெளியே வந்த கனகமணிக்கு ஆச்சரியம்.

“என்ன அம்மிணி, பையன அவ ஊட்டுக்கேவா அனுப்பற?”

“ரெண்டு நாளைக்குத்தானுங்க.”

“நல்ல பொண்ணாத்தான் தெரியறா. இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆளு கெடைக்கறதே பெரிய விஷயம். எங்க புடிச்ச இவள?”

ஜீப் வளைவில் திரும்பி மறையும்வரை வாசுகி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் புடிக்கலீங்க, பையனோட அப்பா புடிச்சது. இனிமே சனி, ஞாயிறு அவன் அவருகிட்ட இருக்கோணும்னு கோர்ட்டுல சொல்லிட்டாங்க. என்னைய விட்டுட்டுப் போயி, அவரு கட்டிக்கிட்டது இவளத்தான்.”